சர்வதேச இலக்கிய விழாவுக்கு அழைப்பு வந்தால்: எழுத்தாளருக்கு ஒரு நடைமுறைக் கையேடு

இலக்கிய விழாவில் ஓர் எழுத்தாளருக்குக் கிடைக்கும் அமர்வு பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரம் நன்றாக அமையுமா, சொதப்புமா என்பது பல வாரங்களுக்கு முன்பு அனுப்பிய மின்னஞ்சல்களிலேயே முக்கால்வாசி முடிவாகிவிடும். உள்ளூர் மேடைகளில் வெளுத்துக்கட்டுகிறவர்கள்கூட வெளிநாட்டு மேடையில் தடுமாறுவதைப் பார்க்கலாம். பேச்சை மேடையிலேயே வேற்றுமொழியில் மாற்றிச் சொல்லும் உரைபெயர்ப்பாளர் கைக்குப் பிரதி போயிருக்காது, விழாக் கடையில் புத்தகம் இருக்காது, அல்லது கேள்வி கேட்டு அமர்வை நடத்தும் நெறியாளர் நூலைப் படித்திருக்க மாட்டார். காரணம் அநேகமாக இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

வந்திருப்பது எந்த வகை அழைப்பு என்று முதலில் பாருங்கள். எடின்பரோ (1983 முதல்), ஹே (1988), பெர்லின் (2001), ஜெய்ப்பூர் (2006) போன்றவை வாசகர்களுக்கான விழாக்கள். பிராங்க்பர்ட், லண்டன், பொலோனியா புத்தகச் சந்தைகளில் முக்கியமாக நடப்பது பதிப்புரிமை வியாபாரம். அங்கே முன்கூட்டியே சந்திப்பு நேரம் வாங்காமல் போனால் அரங்கு அரங்காகச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இந்தக் கையேடு முதல் வகைக்கு.

பதில் எழுதும் முன்

"மகிழ்ச்சி, வருகிறேன்" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டால் அதன்பின் எதையும் கேட்கத் தயக்கமாக இருக்கும். கேட்க வேண்டியதையெல்லாம் ஒரே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். எத்தனை அமர்வுகள், தனி அமர்வா குழு அமர்வா? சன்மானம் எவ்வளவு, அது ஒவ்வோர் அமர்வுக்குமா, மொத்தத்துக்குமா? விமானச் சீட்டை அவர்கள் எடுப்பார்களா, நாம் எடுத்தபின் பணம் தருவார்களா? எத்தனை இரவு தங்கலாம், தினப்படி உண்டா? விசாக் கட்டணமும் காப்பீடும் யார் செலவு? நிகழ்ச்சியைப் பதிவு செய்தால் எங்கே, எவ்வளவு காலம் வெளியிடுவார்கள்? பள்ளிகளுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போய்ப் பேச வேண்டியிருக்குமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு அமர்வு என்று ஒப்புக்கொண்டு போனவர் நிகழ்ச்சி நிரலில் நான்கு இடங்களில் தன் பெயரைப் பார்ப்பது இதனால்தான்.

சன்மானம் பற்றிக் கேட்பது அநாகரிகம் இல்லை. சில விழாக்கள் எல்லோருக்கும் ஒரே தொகை தருகின்றன, சில எதுவும் தருவதில்லை. எதுவும் தராத விழாவுக்கும் போகக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பயணத்தைப் பொறுத்தவரை, அமர்வு நடக்கும் நாளன்று போய் இறங்கும்படியான சீட்டை ஏற்காதீர்கள். ஒரு இணைப்பு விமானம் தவறினால் அமர்வே போய்விடும். ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் கடிகார வித்தியாசம் உள்ள ஊர் என்றால் இரண்டு இரவு முன்னதாக அங்கே இருப்பது நல்லது. கடிகாரம் ஒரு மணி நேரம் மாறினால் உடல் பழக ஒரு நாள் ஆகும் என்பது பொதுவான கணக்கு. முழுதாகப் பழகிக்கொள்ள முடியாவிட்டாலும், மேடையில் கண் சொக்காமல் இருக்க அந்த இரண்டு இரவு போதும்.

புனைபெயரில் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விழா அலுவலகத்துக்கு உங்கள் புத்தக அட்டையில் இருக்கும் பெயர்தான் தெரியும். அழைப்புக் கடிதமும் விமானச் சீட்டும் விடுதி முன்பதிவும் அந்தப் பெயரிலேயே வந்துவிடும். கடவுச்சீட்டில் உள்ள பெயரோடு பொருந்தாவிட்டால் விமானத்தில் ஏற்ற மறுக்கலாம். விசா அதிகாரிக்கும் இது இரண்டு வேறு ஆட்களாகத் தோன்றும். முதல் பதிலிலேயே கடவுச்சீட்டின் பக்கத்தை அனுப்பி, பயண ஆவணங்களுக்கு இந்தப் பெயர், நிகழ்ச்சி நிரலுக்குப் புனைபெயர் என்று எழுதிவிடுங்கள். அழைப்புக் கடிதத்தில் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

விசா, பணம், வரி

அழைப்புக் கடிதத்தில் இருக்க வேண்டியவை: கடவுச்சீட்டுப் பெயர், கடவுச்சீட்டு எண், நிகழ்ச்சித் தேதிகள், தங்குமிட முகவரி, எந்தெந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்ற விவரம், சன்மானம் உண்டா இல்லையா, கையொப்பமிட்டவரின் பதவியும் தொடர்பு எண்ணும். "உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்று மட்டும் எழுதிய அழகான கடிதம் விசா அலுவலகத்தில் செல்லாது.

ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசியாகப் பயணத்துக்குப் 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள் ஆகும், அது 45 நாள்வரை நீளவும் கூடும். எனவே 15 நாள் கெடுவை நம்பி உட்கார்ந்திருப்பது சூதாட்டம். கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

பிரிட்டனில் 2024 ஜனவரி 31 முதல், அழைப்பின் பேரில் வந்து சன்மானம் பெற்றுப் பேசுவதைச் சாதாரண வருகையாளர் விசாவிலேயே செய்யலாம். ஆனால் நிகழ்ச்சி பயணத்துக்கு முன்பே உறுதியாகியிருக்க வேண்டும், நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் முடிந்துவிட வேண்டும். பல நாடுகளில் சுற்றுலா விசாவில் வந்து பணம் வாங்குவது விதிமீறல். "சும்மா சுற்றிப் பார்க்க வந்தேன்" என்று எல்லையில் சொல்லிவிட்டு, பையில் சன்மானக் கடிதம் வைத்திருப்பதைப் போன்ற வம்பு வேறில்லை. உள்ளதைச் சொல்லுங்கள், கடிதத்தைக் காட்டுங்கள்.

பேசிய தொகை முழுதாகக் கைக்கு வராது. அமெரிக்காவில் வெளிநாட்டவர் அங்கே செய்யும் வேலைக்கான ஊதியத்தில் பொதுவாக 30 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். இரு நாடுகளுக்கிடையே வரி ஒப்பந்தம் இருந்தால் 8233 என்ற படிவத்தின் மூலம் விலக்குக் கேட்கலாம். அதற்கு அமெரிக்க வரி அடையாள எண் வேண்டும், அது இல்லாததால்தான் பலருடைய விண்ணப்பம் பாதியில் நிற்கிறது. மற்ற நாடுகளிலும் பிடித்தம் உண்டா என்று முன்பே கேட்டு, நீங்கள் எந்த நாட்டில் வரி கட்டுகிறவர் என்று காட்டும் வரி வசிப்பிடச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த வரிக்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் சொந்த ஊர்க் கணக்கில் கழிக்க முடியாது. வங்கிப் பரிமாற்றத்தில் இடையில் வரும் வங்கிகளும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கட்டணம் முழுவதையும் அனுப்புகிறவரே ஏற்கும் முறையில் அனுப்பச் சொன்னால் அந்தக் கசிவு நின்றுவிடும்.

புத்தகம் அங்கே இருக்கிறதா?

அமர்வு பிரமாதமாக நடந்து, நூறு பேர் எழுந்து கடைக்குப் போய், "இன்னும் வரவில்லை" என்ற பதிலைக் கேட்டுத் திரும்புவதைவிட வயிற்றெரிச்சல் ஓர் எழுத்தாளருக்கு இல்லை. விழாக் கடையை நடத்துவது பெரும்பாலும் வேறொரு புத்தக நிறுவனம். அவர்கள் விநியோகஸ்தர் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். உங்கள் பதிப்பாளர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் உங்கள் புத்தகம் அவர்கள் கணக்கில் இல்லாத ஒன்று.

எட்டு வாரம் முன்பே செய்ய வேண்டியது: நூலின் பெயர், ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்), விலை, பதிப்பாளரின் விற்பனைத் தொடர்பு ஆகியவற்றை விழா ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பி, கடைக்காரரையும் பதிப்பாளரையும் ஒரே மின்னஞ்சலில் அறிமுகப்படுத்திவிடுங்கள். நான்கு வாரம் இருக்கும்போது "ஆர்டர் போயிற்றா?" என்று கேளுங்கள். "பார்த்துக்கொள்கிறோம்" என்ற பதிலை "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் பலருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பு நூல்களுக்கு விற்பனை உரிமை பிரதேச வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு நாட்டில் வந்த ஆங்கிலப் பதிப்பை இன்னொரு நாட்டில் விற்க உரிமை இல்லாமல் இருக்கலாம், அங்கே வேறு பதிப்பகம் அந்த உரிமையை வாங்கியிருக்கலாம். ஒப்பந்தத்தில் பிரதேசம் பற்றிய பகுதியைப் படித்துவிட்டுக் கடைக்கு எழுதுங்கள்.

பெட்டியில் பத்துப் பதினைந்து பிரதி கொண்டுபோவது நல்ல முன்னெச்சரிக்கை. 250 பக்கச் சாதா அட்டைப் புத்தகம் சுமார் 300 கிராம். பதினைந்து என்றால் நாலரைக் கிலோ. ஆனால் அவற்றை நீங்களே நின்று விற்காதீர்கள். வருகையாளர் விசாவில் பொதுமக்களுக்கு நேரடி விற்பனை செய்யப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை, சுங்கத்திலும் கேள்வி வரும். கடை மூலம் விற்பதற்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நெறியாளர்

நெறியாளர் யார் என்று அறிவித்ததும் நீங்களே முதலில் எழுதுங்கள். அவர் ஒரே விழாவில் நான்கைந்து அமர்வுகளை நடத்துகிறவராக இருக்கலாம். எல்லா நூலையும் முழுதாகப் படிக்க அவருக்கு நேரம் இருக்காது. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. எந்த இரண்டு அத்தியாயங்கள் அவசியம், எதைப் பற்றிப் பேச விருப்பம், எதைத் தொடாமல் விடலாம், உங்கள் பெயரை எப்படி உச்சரிப்பது ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, பெயர் உச்சரிப்பைப் பத்து விநாடிக் குரல்பதிவாக இணைத்து அனுப்புங்கள். கேள்விகளின் பட்டியலைக் கேட்டு வாங்காதீர்கள். தயாரித்த கேள்விக்குத் தயாரித்த பதில் என்று போனால் கேட்பவர்களுக்கு அது பட்டென்று தெரிந்துவிடும். முதல் கேள்வி எது, வாசிப்பு எந்த இடத்தில் வரும், எத்தனை மணிக்குக் கேள்வி நேரம் தொடங்கும் என்பது மட்டும் பேசி வைத்திருந்தால் போதும்.

குழு அமர்வில் கணக்கு வேறு. நான்கு பேர், ஒரு நெறியாளர், அறுபது நிமிடம். அறிமுகத்துக்கு ஐந்து நிமிடமும் கேள்வி நேரத்துக்குப் பதினைந்து நிமிடமும் போக மீதி நாற்பது, ஆளுக்குப் பத்து. இதை மனதில் வைத்து, ஒரு பதில் இரண்டு நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சக பேச்சாளர்களின் நூலில் ஒன்றையாவது படித்துவிட்டுப் போனால் அவர் சொன்னதிலிருந்து உங்கள் பேச்சைத் தொடங்க முடியும். மேடையில் அதைவிட மரியாதையான காரியம் இல்லை.

உரைபெயர்ப்போடு பேசுவது

தாய்மொழியில் பேசுவதா, ஆங்கிலத்தில் பேசுவதா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். ஆங்கிலத்தில் சரளமாக வாதாட வருமென்றால் தாராளமாகப் பேசலாம். வராது என்றால் தாய்மொழியில் பேசுவதே மேல். உடைந்த ஆங்கிலத்தில் பேசும்போது, எழுத்தில் எவ்வளவு கூர்மையான ஆளாக இருந்தாலும் மேடையில் சாதாரண ஆளாகச் சுருங்கிப்போவார். உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்பதை அழைப்பை ஏற்கும்போதே கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால், அந்த ஊரில் இரண்டு மொழியும் தெரிந்த யாரோ ஒரு மாணவர் வந்து நிற்பார். மொழி தெரிவது ஒன்று, மேடையில் உடனுக்குடன் மாற்றிச் சொல்வது வேறொன்று.

இதில் இரண்டு முறை உண்டு. நீங்கள் பேசி நிறுத்தியபின் அவர் சொல்வது ஒன்று. நீங்கள் பேசும்போதே கண்ணாடிக் கூண்டிலிருந்து அவர் பேச, பார்வையாளர்கள் காதுக்கருவியில் கேட்பது இன்னொன்று. முதல் முறையில் எல்லாம் இரண்டு தடவை சொல்லப்படுவதால் உங்கள் நேரம் பாதியாகிவிடும். நாற்பது நிமிடப் பேச்சு என்று நினைத்துப் போனால் உண்மையில் இருபதுதான். சொல்ல நினைத்ததில் பாதியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். இரண்டாவது முறையில் நேரம் மிஞ்சும், ஆனால் கூண்டில் இருவர் வேண்டும். அவர்கள் இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள், அதற்குமேல் ஒருவரால் கவனம் பிசகாமல் செய்ய முடியாது. விழா ஒருவரை மட்டும் ஏற்பாடு செய்திருந்தால் அமர்வின் பின்பாதியில் மொழிபெயர்ப்பு மெலியும்.

ஒரு வாரம் முன்பே அவருக்கு அனுப்ப வேண்டியவை: வாசிக்கப்போகும் பகுதியின் மூலமும் மொழிபெயர்ப்பும், நூலின் கதைச்சுருக்கம், நீங்கள் குறிப்பிடக்கூடிய ஆட்பெயர், ஊர்ப்பெயர், நூற்பெயர், ஆண்டுகள் கொண்ட ஒரு பட்டியல். கவிதையை முன்கூட்டிக் கொடுக்காமல் மேடையில் திடீரென்று எடுத்துச் சொல்வது அவருக்குச் செய்யும் கொடுமை. அவர் "இப்போது ஒரு கவிதை சொல்கிறார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார், அதைத் தவிர அவரால் என்ன செய்ய முடியும்?

பேசும்போது இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒரு நிறுத்தம். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தாதீர்கள். நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வருவதால், அது வரும்வரை அவருக்கு வாக்கியத்தின் போக்கே தெரியாது. "வந்து, பார்த்து, கேட்டு, யோசித்து" என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகும் பழக்கத்தை ஒரு மணி நேரம் கட்டிப்போடுங்கள். பழமொழியும் சிலேடையும் கூண்டைத் தாண்டாது, கதையும் காட்சியும் தாண்டும். எண்களைச் சொல்லும்போது வேகத்தைக் குறையுங்கள். நகைச்சுவை சொன்னால் சிரிப்பு சில விநாடி தாமதமாக வரும், அதுவரை பதறி அடுத்ததைத் தொடங்கவேண்டாம். பார்வை பார்வையாளர்கள்மேல் இருக்கட்டும், உரைபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசினால் அரங்கம் உங்களைவிட்டு விலகிவிடும்.

வாசிப்பு

எட்டு நிமிடம் என்று சொன்னால் ஏழு நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். மேடையில் வேகம் மாறும், கைதட்டலும் தொண்டைச் செருமலும் நேரம் தின்னும். சொற்களை எண்ணி நேரத்தை ஊகிக்காதீர்கள். எழுந்து நின்று, சத்தமாக, கடிகாரம் வைத்து மூன்று முறை வாசித்துப் பாருங்கள்.

இருமொழி வாசிப்பில் நல்ல பகிர்வு இது: மூலமொழியில் எழுத்தாளர் இரண்டு நிமிடம், மொழிபெயர்ப்பை மொழிபெயர்ப்பாளரோ நடிகரோ ஆறு நிமிடம். மொழி தெரியாதவர்கள் ஓசைக்காக இரண்டு நிமிடம் ஆவலோடு கேட்பார்கள். ஐந்து நிமிடமானால் கைப்பேசி வெளியே வரும். இரண்டு மொழியிலும் ஒரே பத்தியில் தொடங்கி ஒரே பத்தியில் முடியும்படி குறித்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பில் பத்திகள் பிரிக்கப்பட்டோ நீக்கப்பட்டோ இருக்கலாம், அதனால் பக்க எண்ணை நம்பக் கூடாது.

முதல் அத்தியாயத்தின் முதல் பக்கம்தான் பாதுகாப்பு என்று தோன்றும். அது பெரும்பாலும் வர்ணனை, காதுக்கு மெதுவாகப் போகும். இரண்டு பேருக்கு மேல் இல்லாத, முன்கதை விளக்கம் தேவைப்படாத, ஏதாவது ஒன்று நடக்கிற காட்சியைத் தேர்ந்தெடுங்கள். "இவர் யாரென்றால்" என்று மூன்று நிமிடம் முன்னுரை சொல்ல வேண்டியிருந்தால் அது தவறான பகுதி. மேடைக்காகச் சில வரிகளை வெட்டுவதில் தவறில்லை. வெட்டியதை மொழிபெயர்ப்பிலும் வெட்டி, உரைபெயர்ப்பாளருக்கும் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

புத்தகத்திலிருந்து நேராக வாசிக்காமல் தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். 16 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, ஒரு பக்கம் மட்டும் அச்சு, பெரிய பக்க எண். தாள்களை ஸ்டேப்ளர் பின் போட்டுச் சேர்க்காதீர்கள், புரட்டும் சத்தம் மைக்கில் இடி மாதிரிக் கேட்கும். டேப்லெட் வைத்திருப்பவர்கள் திரை தானாக அணைவதையும் அறிவிப்புகளையும் நிறுத்தவேண்டும், மேடை விளக்கில் திரை பளபளக்கும் என்பதற்காகத் தாளும் வைத்திருக்கவேண்டும்.

மேடையில்

அரங்குக்கு முப்பது நிமிடம் முன்பே போய், காலி மேடையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். தாழ்ந்த சோபா என்றால் வாசிக்கும்போது எழுந்து நிற்பது நல்லது, வயிறு மடங்கி இருந்தால் குரல் எழாது. சட்டையில் செருகும் மைக் என்றால் அதன் பெட்டியை மாட்ட இடுப்புப் பட்டையோ பையோ உள்ள உடை வேண்டும். பட்டுத் துணியும் நீளமான கழுத்தணியும் அதில் உரசிக் கரகரக்கும். கையில் பிடிக்கும் மைக்கை வாயிலிருந்து ஒரு கையகலத்துக்குள், சற்றுச் சாய்த்து வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பும்போது மைக்கையும் திருப்புங்கள். தட்டிப் பார்க்காதீர்கள், பேசிப் பாருங்கள். நெருக்கமான கோடு போட்ட உடை ஒளிப்பதிவில் அலையலையாக மின்னும். கழிப்பறைக்குப் போகும் முன் மைக்கை அணைத்துவிட்டோமா என்று இருமுறை பார்ப்பவர்கள் புத்திசாலிகள்.

கேள்வி நேரத்தில் வருவது எப்போதும் கேள்வியாக இருக்காது. நீண்ட உரையாற்றுகிறவரைத் தடுப்பது நெறியாளர் வேலை, உங்களுடையது அல்ல. உங்கள் நாட்டு அரசியலுக்கு உங்களையே பிரதிநிதியாக்கும் கேள்வி நிச்சயம் ஒன்று வரும். அதற்கு என்ன சொல்வது, எதைச் சொல்ல மறுப்பது என்று விடுதியிலேயே தீர்மானித்துவிடுங்கள். பதிவு செய்யப்பட்ட வார்த்தை உங்களுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிடும். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள். புரியாத கேள்விக்குத் தலையாட்டிவிட்டு வேறெதையோ பேசுவது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கையெழுத்து மேசைக்கு உடனே போகவேண்டும். பத்து நிமிடம் தாமதித்தால் அடுத்த அமர்வு மக்களை இழுத்துக்கொள்ளும். இரண்டு பேனா வைத்திருங்கள், வழவழப்பான தாளில் ஜெல் மை அழிந்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். பெயரைக் காதால் கேட்டு எழுதாதீர்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு ஒட்டுத்தாள் கொடுத்து அவர்களையே எழுதச் சொல்லும்படி தன்னார்வலரிடம் கேளுங்கள்.

மிச்ச நேரம்

பதிப்பாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் உங்களைச் சந்திப்பது எழுத்தாளர் அறையிலும் காலை உணவு மேசையிலும்தான். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "உரிமை யாரிடம் இருக்கிறது?" இதற்குத் தயங்காமல் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பக்கக் கதைச்சுருக்கமும், இருபது பக்க மாதிரி மொழிபெயர்ப்பும் கைப்பேசியிலேயே இருக்கட்டும். ஆனால் கேட்காதவரிடம் நீட்டவேண்டாம். மற்றவர்களின் அமர்வுக்குப் போய் உட்காருங்கள். தன் அமர்வுக்கு மட்டும் வந்துவிட்டுப் போகிற எழுத்தாளரை அமைப்பாளர்கள் நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள், நல்ல விதமாக அல்ல.

ஊர் திரும்பிய வாரத்திலேயே சன்மானத்துக்கான பில்லையும் பயண ரசீதுகளையும் அனுப்பிவிடுங்கள். விமான ஏறுச்சீட்டை (போர்டிங் பாஸ்) தூக்கிப் போடாதீர்கள், செலவைத் திருப்பித் தரப் பல அமைப்புகள் அதையும் கேட்கும். பணம் வர ஒன்றிரண்டு மாதம் ஆவது சகஜம். அதற்குமேல் ஆனால் அழைத்தவரை விட்டுவிட்டுக் கணக்குப் பிரிவுக்கு நேராக எழுதுங்கள். பதிவு வெளியாகும் முன் ஒருமுறை பார்க்கக் கேளுங்கள்: பெயரின் எழுத்துப்பிழை, நூலின் தவறான தலைப்பு, விட்டுப்போன மொழிபெயர்ப்பாளர் பெயர் மூன்றையும் அப்போதே திருத்தச் சொன்னால் செய்துவிடுவார்கள். வெளியானபின் சொன்னால் யாரும் கை வைக்க மாட்டார்கள்.